கடற் பூஞ்சணமும் கரையோர மனிதரும்

கலைப்பீடத்தில் தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்கும் ஒருத்தி பூஞ்சணத்தைப் பற்றிக் கட்டுரை எழுதப் புகுதல் நம்மிற் பலருக்கு வியப்பைத் தரலாம். பாணிலும் பழஞ்சோற்றிலும் படர்வதும், மாரிகாலத்திற் புத்தக அட்டைகளைக் கெடுப்பதுமாகிய அச்சிற்றுயிருக்கும் இலக்கியத்துக்கும் என்ன தொடர்பு என்ற வினா எழுவது இயல்பே. விஞ்ஞானம் விஞ்ஞான பீடத்தாருக்கு, கவிதை கலைப்பீடத்தாருக்கு என்ற பாகுபாடு நமது பல்கலைக்கழக வாழ்வில் ஆழ வேரூன்றிவிட்டது. அந்த எல்லைக்கோட்டை மீறிக்காட்ட வேண்டும் என்ற வீம்பினால் இதனை நான் எழுதவில்லை. ஒரு மருந்தின் வரலாற்றைத் தேடிப் போன வழியில், அத்தகைய கோடுகள் எவ்வளவு மெல்லியவை என்பதைக் கண்டேன். கண்டதைச் சொல்லுதல் கடனென்று பட்டது. அவ்வளவே.

நான் நெய்தல் நிலத்தவள். எங்கள் குடும்பத்தார் யாழ்ப்பாணக் கடனீரேரியிற் சிறகுவலை கட்டித் தொழில் செய்வோர். சில ஆண்டுகளுக்கு முன், முழங்காலளவு நீரில் வலை பார்த்து நின்ற ஐயாவின் கணுக்காலில் திருக்கை குத்திவிட்டது. தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீருக்குட் காலை வைத்திருத்தல் எங்கள் ஊரின் கைகண்ட வைத்தியம். திருக்கையின் நஞ்சு வெப்பத்தினாற் செயலிழக்கும் என்பதால் மருத்துவரும் இதனை ஏற்றுக்கொள்கின்றனர். வலி தணிந்தது. ஆயினும் நான்காம் நாள் கால் வீங்கிச் சிவந்தது, காய்ச்சலும் கண்டது. வைத்தியசாலையில் ஒரு வாரம் ஊசிமருந்து ஏற்றினார்கள். கட்டிலருகே இருந்த நான், பொழுது போகாமல், வெறுமையான குப்பிகளின் பெயர்ச்சீட்டைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். 'செபுரொக்சிம்' என்றிருந்தது. புண் ஆறியது, ஐயா மறுபடியும் தொழிலுக்குப் போனார். அந்தப் பெயர் மாத்திரம் என் மனத்தில் தங்கிவிட்டது.

சொல்லுக்கு வேர் தேடுதல் எமது துறையினரைத் தொற்றிய பழக்கம். விடுதிக்குத் திரும்பியபின் அப்பெயரைப் பிரித்துப் பார்க்க முற்பட்டேன். முன்னிற்கும் 'செப' என்ற பகுதி, செபலோஸ்போரியம் என்ற பூஞ்சணத்தின் பெயரிலிருந்து வந்ததென அறிந்தேன். கிரேக்க மொழியிற் 'கெபலே' என்றால் தலை. 'ஸ்போரா' என்றால் வித்து. நுண்ணிய காம்பின் நுனியில் வித்திகள் தலைபோலத் திரண்டிருப்பதனாலேயே அதற்கு அப்பெயர். நமது இலக்கண மரபிற் சொன்னால், அஃது ஒரு காரணப்பெயர். விஞ்ஞான பீடத்து நண்பி ஒருத்தியிடம் இதனைக் கூறியபோது, "அந்தப் பங்கசை முதன்முதலில எடுத்ததே கடல் தண்ணியில இருந்துதான்" என்றாள். அவளது அந்த ஒரு வாக்கியமே, நான் அதுவரை எட்டிப் பாராத நூலகத் தட்டுகளுக்கு என்னை இட்டுச் சென்றது.

மத்தியதரைக் கடலில், இத்தாலிக்கு மேற்கே கிடக்கும் பெருந்தீவு சார்டீனியா. அதன் தலைநகர் கல்லியாரி. இரண்டாம் உலகப்போரில், 1943ஆம் ஆண்டுக் குண்டுவீச்சுகளினாற் பெரிதும் சிதைந்த நகரம் அது. அங்குள்ள பல்கலைக்கழகத்திற் சுகாதாரவியற் பேராசிரியராக விளங்கியவர் ஜூசெப்பே புரோட்சு. நகரத்தின் கழிவுநீர், 'சு சிக்கு' எனப்படும் கரையோரத்திற் கடலோடு கலந்தது. அத்தகைய நீரிற் குளிப்போரிடையே நெருப்புக்காய்ச்சல் பெருகவேண்டும் என்பதே எவரும் எதிர்பார்க்கக்கூடியது. ஆனால் அவ்வாறு பெருகவில்லை என்பதைப் புரோட்சு கவனித்தார். நோய் பரவிய இடத்துக்கு ஓடிச் சென்று காரணந் தேடுவோர் பலர். நோய் வரவேண்டிய இடத்தில் ஏன் வரவில்லை என்று கேட்டவர் அவர்.

1945ஆம் ஆண்டு யூலை மாதத்தில், கழிவுநீர் கலக்கும் அவ்விடத்து நீரை எடுத்து வளர்ப்பூடகத்தில் இட்டு ஆராய்ந்தார். அதில் முளைத்த ஒரு பூஞ்சணம், தன்னைச் சூழ்ந்திருந்த பற்றீரியாக்களை வளரவிடாமற் தடுத்தது. அதுவே செபலோஸ்போரியம் அக்கிறிமோனியம்; இக்காலத்தில் அக்கிறிமோனியம் கிறைசோஜீனம் எனப்படுவது. அந்நாளிற் பெனிசிலினின் புகழ் உலகெங்கும் பரவியிருந்தது. அதே ஆண்டில் பிளெமிங், புளோரி, செயின் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் பெனிசிலின் நெருப்புக்காய்ச்சற் கிருமியை வெல்லவில்லை. கல்லியாரிப் பூஞ்சணத்தின் சாறோ அக்கிருமியையும் தடுத்தது. புரோட்சு அச்சாற்றைக் கொப்புளங்களுக்கும் கட்டிகளுக்கும் நெருப்புக்காய்ச்சல் நோயாளருக்கும் கொடுத்துப் பார்த்தார். ஊக்கந்தரும் பயன்களைக் கண்டார். எனினும், சாற்றிலிருந்து மருந்துப் பொருளைத் தனியே பிரித்துத் தூய்மைப்படுத்தும் வசதி, போரினால் நலிந்த அந்நகரில் அவருக்குக் கிட்டவில்லை.

அவர் செய்ததென்ன? கண்டதை எழுதினார். 1948இல், தமது சுகாதாரவியல் நிறுவனத்தின் சொந்த வெளியீடாகிய சிறு ஏட்டில், இத்தாலிய மொழியில் அதனை வெளியிட்டார். இலண்டனிலோ நியூயோர்க்கிலோ எவரும் விரித்துப் பார்க்கும் ஏடன்று அது. இவ்விடத்தில் நான் சிறிது நேரம் நின்றுவிட்டேன். பல்கலைக்கழகச் சங்கங்கள் ஆண்டுதோறும் வெளியிடும் மலர்களைப் பற்றி நாம் எவ்வளவு ஏளனமாகப் பேசுகிறோம்! 'யார் வாசிக்கப்போகிறார்கள்?' என்பது நமது வழக்கமான கேள்வி. புரோட்சுவும் அக்கேள்வியைத் தம்மிடமே கேட்டு எழுதாது விட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன்.

எழுதியது வீண்போகவில்லை. போரின்போது சார்டீனியாவிற் பணியாற்றிய பிரித்தானியப் பொதுச் சுகாதார அதிகாரி பிளைத் புறூக் என்பவர் இவ்விடயத்தைப் பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்துக்கு அறிவித்தார். மன்றம் ஒக்ஸ்போட்டிலிருந்த ஹோவாட் புளோரியைச் சுட்டிக் காட்டியது. 1948இல் கல்லியாரியிலிருந்து பூஞ்சணத்தின் வளர்ப்பு ஒக்ஸ்போட்டைச் சென்றடைந்தது. ஒரு மொழியில் எழுதியவர், அதனை மற்றொரு நாட்டுக்குக் கொண்டுசென்றவர், பெற்று ஆராய்ந்தவர் என மூவகை மனிதர் இங்கே தேவைப்பட்டனர். நடுவில் நின்றவரை வரலாறு பெரிதும் பேசுவதில்லை. மொழிபெயர்ப்பைக் கற்கும் மாணவர்கள் அவரை நினைவில் வைத்தல் தகும்.

ஒக்ஸ்போட்டில் எட்வேட் ஏபிரகாமும் கை நியூற்றனும் அப்பூஞ்சணச் சாற்றைப் பகுத்தனர். ஒன்றென எண்ணியது பலவாயிற்று. முதலில் ஒரு பொருள்; பின்னர் பெனிசிலின் குடும்பத்தைச் சேர்ந்த இன்னொன்று. நெருப்புக்காய்ச்சற் கிருமியைத் தடுத்தது இந்த இரண்டாவது பொருளே. 1953இல், அதனைத் தூய்மைப்படுத்தும்போது, அதனுடன் சிறிதளவாகக் கலந்திருந்த மூன்றாம் பொருள் ஒன்று புலப்பட்டது. அதற்குச் செபலோஸ்போரின் சி எனப் பெயரிட்டனர். அதன் ஆற்றல் மிகக் குறைவு. புரோட்சுவின் கண்ணுக்குத் தெரிந்த விளைவுகள் அதனால் வந்தவையல்ல. ஆயினும் அதனிடம் ஓர் அரிய பண்பு இருந்தது. சில பற்றீரியாக்கள் பெனிசிலினைச் சிதைக்கும் ஒரு நொதியத்தைச் சுரக்கின்றன. அந்நொதியத்தை 1940இலேயே ஏபிரகாமும் செயினும் எடுத்துக்காட்டியிருந்தனர். அதற்குச் செபலோஸ்போரின் சி அசைந்து கொடுக்கவில்லை.

இரசாயனம் அறியாத எனக்கு நண்பி இதனை விளக்கிய விதத்தை இங்கே தருகிறேன். பற்றீரியாவின் உடலைச் சுற்றி ஒரு கலச்சுவர் உண்டு. மனிதக் கலங்களுக்கு அத்தகைய சுவர் இல்லை. பற்றீரியா வளரும்போது அச்சுவரின் இழைகளை ஒன்றோடொன்று பிணைக்கவேண்டும். பெனிசிலினும் செபலோஸ்போரினும் அப்பிணைப்பைச் செய்யும் நொதியங்களைப் பற்றிக்கொள்கின்றன. பிணைப்பு இல்லாத சுவர் உள்ளழுத்தத்தைத் தாங்காது வெடிக்கிறது. இரு மருந்துக்கும் நடுவே இருப்பது, நான்கு அணுக்களால் ஆன, இறுக்கமான ஒரு வளையம். பெனிசிலினில் அவ்வளையம் ஐந்து அணு வளையத்துடன் ஒட்டியிருக்கிறது. செபலோஸ்போரினில் ஆறு அணு வளையத்துடன் ஒட்டியிருக்கிறது. ஓரணு வேறுபாடு! எழுத்தொன்று மாறச் சொல்லின் பொருள் மாறுவதை நாள்தோறும் காணும் எமக்கு இது விளங்காததன்று.

செபலோஸ்போரின் சியின் அமைப்பை ஏபிரகாமும் நியூற்றனும் 1961இல் வெளியிட்டனர். அதே ஆண்டில் டொரதி ஹொட்ஜ்கினும் மாஸ்லெனும் எக்ஸ் கதிர்ப் பளிங்கியல் மூலம் அதனை உறுதிப்படுத்தினர். பூஞ்சணம் தந்த மூலக்கூற்றின் மையத்தை வைத்துக்கொண்டு, அதன் பக்கக் கிளையை மாற்றினால் ஆற்றல் பன்மடங்காகும் என்பது தெரியவந்தது. 1964இல் எலி லில்லி நிறுவனத்தின் செபலோதின் முதலாவது மருந்தாக வெளிவந்தது. அதன்பின் செபலெக்சின், செபுரொக்சிம், செப்ட்ரையக்சோன் என அக்குடும்பம் பெருகியது. சத்திரசிகிச்சைக் கூடத்திலும் பிள்ளைப்பேற்று விடுதியிலும் சிறுபிள்ளைகளின் வைத்தியத்திலும் இவை இன்றி இன்றைய மருத்துவம் நடப்பதரிது.

இவ்வரலாற்றில் என்னை மிகவும் கவர்ந்த செய்தி, புரோட்சுவின் விடை சரியானதா என்பதே. கடல்நீர் தானே தூய்மையடைவதற்குப் பூஞ்சணம் காரணமாகலாம் என அவர் கருதினார். உண்மையிற் கழிவுநீர்க் கிருமிகள் கடலில் அழிவதற்குப் பல காரணங்கள் உண்டு: உப்பு, சூரிய ஒளி, நீரிற் கலந்து ஐதாதல், கிருமிகளை உண்ணும் நுண்ணுயிர்கள். ஒரு பூஞ்சணம் மாத்திரம் ஒரு துறைமுக நீரைக் காத்தது எனல் கடினம். அவர் தேடிய பொருளும் இறுதியிற் பயன்பட்ட பொருளும் வேறு. ஆனால் அவர் கேட்ட வினா செம்மையானது. வைத்த கண் கூர்மையானது. கரையோர மக்களின் வாழ்வைப் பொருட்படுத்தி, அவர்கள் குளிக்கும் நீரைக் கையில் எடுத்துப் பார்த்தவருக்கே அப்பூஞ்சணம் அகப்பட்டது.

இனி, நண்பி கூறியதுபோல அதனைக் 'கடற் பூஞ்சணம்' என்று அழைக்கலாமா? கழிவுநீரோடு நிலத்திலிருந்து வந்ததா, கடலிலேயே வாழ்ந்ததா? பூஞ்சணவியலாரும் இவ்வினாவை எழுப்பியிருக்கின்றனர். 1979இல் கோல்மேயர் தம்பதியர் தமது நூலில் இருவகையினரை வகுத்தனர். கடலிலோ கழிமுகத்திலோ மாத்திரமே வளர்ந்து வித்தியை உண்டாக்குவன ஒருவகை. நிலத்திலோ நன்னீரிலோ பிறந்து, கடலிலும் வளர வல்லவை மறுவகை. இதனை வாசித்தபோது தொல்காப்பியப் பொருளதிகார வகுப்பில் அமர்ந்திருப்பதாகவே உணர்ந்தேன். திணைகள் மயங்குவதற்கு இடந்தந்த தொல்காப்பியர், நிலங்கள் இரண்டு ஒருங்கே மயங்குவதில்லை என்றும் வரையறுத்தார். நிலத்துக்குரியது எது, வந்து கலந்தது எது எனப் பிரித்தறியும் வேட்கை இரு துறைக்கும் பொதுவானது. ஆனால் கழிமுகம் என்பது வரையறைக்கு எளிதில் அடங்குவதன்று. நன்னீரும் உவர்நீரும், ஊரும் கடலும், அழுக்கும் உயிரும் அங்கே கூடுகின்றன. புரோட்சு கண்டெடுத்தது அத்தகைய மயக்கத்தின் விளைவையே.

கடலையே உறைவிடமாகக் கொண்ட பூஞ்சணங்களும் உண்டு. 2015ஆம் ஆண்டு வெளியான ஒரு தொகுப்பு 1,112 இனங்களைப் பட்டியலிட்டது. இன்னும் கண்டறியப்படாதவை அதனினும் பல மடங்கு என அறிஞர் கருதுகின்றனர். அவை கண்டல் மரங்களின் விழுந்த கிளைகளிலும், பாசிகளின் மேலும், கடற்பஞ்சுகளினுள்ளும், ஆழ்கடற் சேற்றிலும் வாழ்கின்றன. உப்புநீர் உடலின் நீரை உறிஞ்சிவிடாதபடி, கிளிசரோல் போன்ற பொருள்களை உள்ளே சேமித்துச் சமன்செய்கின்றன. ஓடி ஒளிய இயலாத இவ்வுயிர்களுக்கு இரசாயனமே ஆயுதமாகவும் மொழியாகவும் அமைகிறது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு 2001இல் வெளிவந்தது. பகாமாத் தீவுகளிற் பெற்ற பழுப்புப் பாசி ஒன்றின் மேற்பரப்பிலிருந்து பெஸ்டலோசியா வகையைச் சேர்ந்த ஒரு பூஞ்சணத்தை வில்லியம் பெனிக்கல் குழுவினர் பிரித்தெடுத்தனர். தனியே வளர்த்தபோது குறிப்பிட்ட பொருள் எதுவும் தோன்றவில்லை. ஒரு கடற் பற்றீரியாவுடன் சேர்த்து வளர்த்தபோதோ, 'பெஸ்டலோன்' எனப் பின்னர் பெயரிடப்பட்ட நுண்ணுயிர்கொல்லியை அது உண்டாக்கிற்று. அது மருந்துக் கடைக்கு வந்து சேரவில்லை. எனினும் ஓர் உண்மையை உணர்த்திற்று: அயலில் ஒருவர் இல்லாதபோது ஓருயிர் தன் ஆற்றலை வெளிக்காட்டுவதில்லை. கடற்பாசியிற் பெற்ற ஓர் அஸ்பெர்ஜில்லசுப் பூஞ்சணத்தின் சேர்வையை அடியொற்றி உருவாக்கிய பிளினபுலின் என்னும் மருந்தைப் புற்றுநோயாளரிடம் சோதித்தனர். 2021இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரம் அதனை அங்கீகரிக்காது மேலும் சோதனை வேண்டுமென்றது. ஆய்வுகூடத்துத் தட்டிலிருந்து நோயாளியின் கட்டில் வரை உள்ள தூரம் மிக நீண்டது. கடலில் மருந்து கொட்டிக்கிடக்கிறது என்று மேடையிற் பேசுவோர் இதனை மனங்கொள்ள வேண்டும்.

அப்படியானாற் கிடைக்கும் பயன் யாருக்குரியது? பிரித்தானியாவிற் பெனிசிலினுக்கு ஆக்கவுரிமை பெறப்படவில்லை என்ற குறை பின்னர் உணரப்பட்டது. ஆகவே செபலோஸ்போரின் சியின் ஆக்கவுரிமையை அந்நாட்டுத் தேசிய ஆராய்ச்சி விருத்திக் கூட்டுத்தாபனம் கவனித்துக்கொண்டது. அதனால் வந்த பெருஞ்செல்வத்தின் மிகுதியான பகுதியை ஏபிரகாமும் நியூற்றனும் ஆராய்ச்சி நிதியங்களாக்கினர். ஒக்ஸ்போட்டில் இன்றும் அந்நிதியங்களாற் பலர் கற்கின்றனர். இது போற்றத்தக்க செயல். புரோட்சுவும் பின்னாளிற் சார்டீனியாவின் பிரதேச அரசுத் தலைவராகவும் கல்லியாரி நகரபிதாவாகவும் விளங்கி 1976இற் காலமானார். ஆயினும் அப்பூஞ்சணத்தைத் தந்த கரைக்கும் அங்கு வாழ்ந்தோருக்கும் உரிமை உண்டா என்ற வினாவை அந்நாளில் எவரும் கேட்கவில்லை. 1992இன் உயிர்ப்பல்வகைமைச் சமவாயமும் 2010இன் நகோயா உடன்பாடும், உயிர்வளத்தின் பயன் அவ்வளம் உள்ள நாட்டுக்கும் மக்களுக்கும் பகிரப்படவேண்டும் என்று கூறுகின்றன. தாளில் எழுதப்பட்ட நீதி கரைக்கு வந்து சேர்வதற்கு, தமது கரையில் என்ன இருக்கிறது என்பதைக் கரையிலுள்ளோர் முதலில் அறிந்திருக்கவேண்டும்.

காலம் நம்மைக் காத்து நிற்கப்போவதில்லை. செபலோஸ்போரின் மருந்துகளையும் சிதைக்க வல்ல நொதியங்களைச் சுரக்கும் பற்றீரியாக்கள் உலகெங்கும் பரவிவிட்டன. வைத்தியசாலைகளில் மட்டுமன்றி, நகரங்களின் கழிவுநீரிலும் அவற்றைக் காண்கின்றனர். மருந்து எங்கிருந்து வந்ததோ, அத்தகைய இடத்திலேயே இன்று மருந்துக்கு அடங்காத கிருமியும் வளர்கிறது. தேவையின்றியும் இடைநடுவில் நிறுத்தியும் மருந்துண்ணும் நமது பழக்கம் இதற்குத் துணைபோகிறது. புதிய மருந்துகளைத் தேடுவோர் மீண்டும் கடலை நோக்குவதற்குக் காரணம் இதுவே.

ஈழத்துக் கரையோரத்தைச் சேர்ந்த நாம் இங்கே என்ன செய்யலாம்? விஞ்ஞான பீடத்தார் பூஞ்சணத்தை வளர்க்கட்டும். அது அவர்களது தகைமை. ஆனால் எந்தக் கண்டற்காட்டில் வலைக்கயிறு விரைவில் உக்குகிறது, எந்தக் களப்பில் மீன் நெடுநேரம் கெடாதிருக்கிறது, எந்தச் சேறு புண்ணுக்கு ஆகாது என்றெல்லாம் தொழிலாளர் சொல்லும் செய்திகள் இன்னும் எழுதப்படாமல் இருக்கின்றன. அவற்றுட் பல தவறாகவும் இருக்கலாம். புரோட்சுவின் விளக்கமும் முழுமையானதன்று. எனினும், சோதித்துப் பார்ப்பதற்கு முதலில் ஒரு கூற்று வேண்டும். கூற்று நிலைப்பதற்கு எழுத்து வேண்டும். பாசிக்கும் சேற்றுக்கும் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் எங்கள் கரையில் வழங்கும் பெயர்களைத் திரட்டி அகராதிப்படுத்துதல் மொழி மாணவர் செய்யத்தக்க பணி. களப்பை விட்டு இளைஞர் வெளியேற வெளியேற, அப்பெயர்கள் முதியோருடன் மறைந்துகொண்டிருக்கின்றன.

போரினாற் சிதைந்த ஒரு நகரத்தில், பெரும்பாலோர் அறியாத ஒரு சிற்றேட்டில், தம் மக்களின் மொழியில் ஒருவர் எழுதிய சில பக்கங்கள் கோடிக்கணக்கானோரின் உயிரைத் தொட்டன. சிறிய மொழியில், சிறிய ஏட்டில் எழுதுவதனால் உண்மை சிறுத்துவிடுவதில்லை. எடுத்துச் செல்வோர் ஒருவர் வரும்வரை அது காத்திருக்கும். ஆனால் எழுதப்படாத உண்மைக்குக் காத்திருக்க இடமில்லை.